பின்னேர மழைக்கு வெட்டிய குளம்

இணுவில்,
1941 பங்குனி 16

தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். ஐயா சுகமாகத்தான் இருக்கிறார். என் சுகத்தை எழுதப் புறப்பட்டால் தாள் போதாது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வீட்டு அடிவளவில் ஐயா குளம் வெட்டுகிறார்.

பகிடி இல்லை. போன கிழமை குசினிக்குப் பின்னால், கூரைப் பீலி வந்து முடிகிற இடத்தில், மண்வெட்டியோடு நிற்கிறார். என்ன ஐயா என்று கேட்டால், "தைப்பிங்கிலை இருந்த குளம் இஞ்சை ஏன் இல்லை? ஆர் தூர்த்தது?" என்று என்னைப் பார்த்து உறுக்குகிறார். மண்வெட்டியைப் பறித்தால் சாப்பிடமாட்டேன் என்றார். கடைசியில் கொழும்புத்துறைச் சிமியோனைக் கூப்பிட்டு வெட்டக் கொடுத்தேன். இல்லாவிட்டால் அவரே வெட்டி அவரே அதற்குள் விழுவார். தூக்கி எடுக்க நான் ஒருத்தி.

இது உனக்குச் சீதனமாக எழுதிய வளவு. ஒரு முருங்கைக் கொப்பு நடுவதென்றாலும் உன்னைக் கேட்டுத்தான் நடுகிறேன். இதை மட்டும் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. சாப்பிட்டு ஒரு கண் நித்திரை கொண்டு எழும்பியதும் சாய்மனைக் கதிரையைக் குழிக்கரையில் போடச் சொல்கிறார். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். வெயிலுக்கு அல்ல, மழைக்கு! "இப்ப வந்திடும், குளம் நிறைஞ்சிடும்" என்கிறார். மலாயாவில் அவருடைய உத்தியோக காலம் முழுவதும் பின்னேரம் என்றால் மழை. ஊரில் ஐப்பசிக்கு முன்னர் துளி விழாது என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. நான் சொன்னால், நேற்றுக் கப்பலால் இறங்கியவளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

அந்தக் குளம் எப்படி இருந்தது என்று எழுது. அவர் ஒரு நாள் வட்டம் என்கிறார், ஒரு நாள் நீளம் என்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? படிப்பு ஊரில்தான் என்று ஐந்து வயதில் என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தை உன்னைத் தூக்கிக்கொண்டு ஐயாவும் அம்மாவும் கப்பல் ஏறினார்கள். நீ விளையாடிய குளம் அது. நான் கண்டதில்லை.

இன்னொன்று. உன் அத்தானுக்கு நாவலப்பிட்டி ஸ்ரேசனில் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. கலியாணம் முடித்த நாளிலிருந்து லீவுக்கு வந்து போகிற புருஷனோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். இப்போது வா என்று எழுதுகிறார். ஐயாவை யாரிடம் விட்டுப் போவேன்? ஆவணிக்குள் நீ வந்து ஐயாவைப் பொறுப்பெடு. அல்லது உன்னோடு கூட்டிக்கொண்டு போ. நான் களைத்துவிட்டேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உன் அக்கா,
கமலாவதி

*

தைப்பிங்,
1941 சித்திரை 8

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். குடை பிடித்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய வளவில் குழி வெட்ட வேறு இடம் கிடைக்கவில்லையா? குசினிச் சுவரோரம் தண்ணீர் நின்றால் அத்திவாரம் ஊறாதா? நாளைக்கு நான் வந்து இருக்கப் போகிற வீடு அது. ஐயாவுக்குத்தான் மறதி, உங்களுக்குமா?

சரி, வெட்டியது வெட்டியாயிற்று. கேட்டதால் எழுதுகிறேன். குளம் வட்டமும் இல்லை, நீளமும் இல்லை. மாங்காயைப் பாதியாகப் பிளந்து வைத்ததுபோல ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். ஆழம் என் இடுப்புக்கு வராது. பீலித் தண்ணீர் முற்றத்தை அரித்துக்கொண்டு போகிறதென்று அம்மா வெட்டுவித்தது. சுற்றிவர ரயில் பாதை உடைசல் கல். ஊதா அல்லி ஒரு மூலையில் மட்டும். ஒடுங்கிய பக்கத்தில் ஒரு தட்டைக் கல் கிடந்தது. அதில் இருந்துதான் அம்மா அரிசி களைவா. கழுநீருக்கு மீன் எல்லாம் அவவின் கைக்குக் கிட்ட வரும்.

ஐயா அந்தக் குளத்தை ஒரு நாளும் இருந்து பார்த்தவர் அல்ல. நுளம்புக் கிடங்கு, கடித்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தூர்த்துவிடு என்று அம்மாவோடு சண்டைதான் பிடிப்பார். அம்மாவும் போனபிறகு இப்போது தேடுகிறாராம்!

ஆவணிக்கு வர முடியாது அக்கா. மீனாம்பிகையை இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இவருக்கும் லீவு இல்லை, எந்த நேரமும் யுத்தம் யுத்தம் என்று மேலதிகாரிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஐயா திரும்பக் கப்பல் ஏறி இவ்வளவு தூரம் வருவாரா? நீங்களே யோசியுங்கள். உங்களுக்கு என்ன, ஊரில் சொந்த பந்தத்தோடு இருக்கிறீர்கள். ஐயாவும் பக்கத்தில். நான் இங்கே தனிக்காட்டில்.

தங்கை,
பாலேஸ்வரி

*

இணுவில்,
1941 வைகாசி 14

பாலேஸ்வரிக்கு,

உனக்கு என்ன என்று எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன என்று சொல்கிறேன், கேள்.

குளம் நீ எழுதியபடியே வெட்டியாயிற்று. ஒடுங்கிய பக்கம், தட்டைக் கல், எல்லாம். எங்கள் செம்மண்ணில் தண்ணீர் நிற்குமா? வார்க்க வார்க்கக் குடித்தது. நவாலிப் பக்கத்து வயலிலிருந்து வண்டியில் களிமண் ஏற்றுவித்து, அடியிலும் கரையிலும் தடிப்பாக அப்பி, நானும் சிமியோனின் பெண்சாதி லூர்த்தம்மாவும் உடுப்புக் காயப்போடுகிற கொடியைப் பிடித்துக்கொண்டு மிதித்தோம். நாள் முழுக்க மிதித்தோம். இரண்டு நாளாக என்னால் படி ஏற முடியவில்லை. லூர்த்தம்மா, "கமலாவதியம்மா, கலியாண வீட்டுக்குக்கூட இப்பிடி ஆடேல்லை" என்று சிரித்தாள். அன்றைக்கு மட்டும் நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு அடங்கியது. களி காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் குளம் போச்சு. ஆகவே தினமும் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் பங்குக் கிணற்றில். சித்திரை வைகாசியில் அந்தக் கிணறு எப்படிக் கிடக்கும் என்பது உனக்குத் தெரியாது, நீ கண்டதில்லை. எங்கள் முறை நாளில் நான் வாளி வாளியாகக் குளத்துக்குச் சுமப்பதைப் பார்த்துவிட்டு, மற்றப் பங்குக்காரர் முத்துக்குமாரு அண்ணை வேலிக்கு மேலால் கத்தினார். "என்ரை மிளகாய்க் கண்டு வாடி விழுகுது. நீங்கள் தவளைக்குத் தண்ணி ஊத்துங்கோ! உன்ரை ஐயா ஏரம்பருக்குத்தான் சுகமில்லை, உனக்குமோ பிள்ளை?" அவர் கேட்டது நியாயம். இப்போது குளிக்கிற தண்ணீரைக் குறைத்துக் குளத்துக்கு ஊற்றுகிறேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் ஊற்றுவது ஐயா படுத்திருக்கும்போது. கூரை ஓட்டிலும் இரண்டு வாளி எறிவேன், பீலியால் சொட்டட்டும் என்று. எழும்பி வந்து ஈரத்தைப் பார்த்துவிட்டு, "மழை பெய்ஞ்சதோ?" என்பார். "ஓம் ஐயா, பெய்ஞ்சது" என்பேன். "நான் சொன்னனெல்லே!" என்று அவருக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கேட்பார், "பாலேஸ், தேத்தண்ணி வைச்சனியோ?" என்று.

ஆம். என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். முதலில் திருத்தினேன். இப்போது திருத்துவதில்லை. உன் வீட்டைக் கூட்டி, உன் குளத்துக்குத் தண்ணீர் வார்த்து, உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "ஏன்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்ன!

போன கிழமை உன் அத்தான் லீவில் வந்திருந்தார். என் கை வாளியை வாங்கி, நின்ற மூன்று நாளும் அவரே ஊற்றினார். வெளிக்கிடும்போது மட்டும், "அப்ப இந்த வருஷமும் எனக்குக் கடைச் சாப்பாடுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கமலாவதி

*

தைப்பிங்,
1941 ஆடி 3

அக்கா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். இது இரண்டாவது. இதையும் கிழிக்க முன்னர் இவர் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் ஐயா அம்மாவின் மடியில் வளர்ந்தேன் என்றும் நீங்கள் வெளியில் நின்றீர்கள் என்றும் இவ்வளவு காலமும் எழுத்துக்கு எழுத்து குத்துகிறீர்கள். அந்த மடியில் எனக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஐயா வேலை விட்டு வந்தால் நித்திரை, எழும்பினால் வேலை. உங்கள் கடிதம் வருகிற நாளில் எங்கள் வீட்டில் உலை வைப்பதில்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு தட்டைக் கல்லில் இருந்து அழுவா. ஐயா அந்தப் பக்கமே போகமாட்டார். நான் மாவும் சீனியும் குழைத்துத் தின்றுவிட்டுப் படுப்பேன்.

நான் ஒரு கோப்பை உடைத்தால், பெரியவள் உடைக்கமாட்டாள் என்பார்கள். நான் பாடம் பிழைவிட்டால், பெரியவள் பிழைவிடமாட்டாள். பிழையே விடாத ஒருத்தியோடு நான் வளர்ந்தேன். அவள் ஒரு நாளும் வீட்டில் இல்லை. அப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? உங்களை எனக்கு ஒரு காலமும் பிடித்ததில்லை அக்கா. எழுதிவிட்டேன்.

இவ்வளவும் எழுதியபிறகு சொல்கிறேன், நான் வருகிறேன். தை மாதம். உங்கள் கடிதத்தில் அத்தான் வாளி தூக்கிய இடத்தை வாசித்துவிட்டு இவர்தான், "போயிட்டு வா, ஒரு வருஷமெண்டாலும் நிண்டு வா" என்றார். மீனாம்பிகையை இணுவிலில் பள்ளிக்கூடம் சேர்க்கலாம். நீங்கள் நாவலப்பிட்டிக்குப் போங்கள்.

சுவர் ஊறினால் ஊறட்டும்.

பாலேஸ்வரி

*

இணுவில்,
1941 கார்த்திகை 12

அன்பான பாலேஸ்,

நீ ஆடியில் எழுதியதற்கு இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. அம்மா அழுதா என்பதை நம்புவதா விடுவதா என்று தெரியாமல் வைத்திருந்தேன். எனக்கு வந்த கடிதங்களில் எல்லாம், கெட்டித்தனமாய்ப் படி என்ற ஒரு வரிதான்.

மழை வந்துவிட்டது. ஐப்பசி முழுக்க ஏய்த்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை பின்னேரம் பிடித்தது. ஓட்டில் நான் எறிகிற இரண்டு வாளி அல்ல, உண்மையான மழை. பீலி நிறைந்து குளத்துக்குள் கொட்டியது. ஐயா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். தட்டைக் கல்லில் அவரை இருத்தி, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஏறி, கோயில் கேணியிலிருந்து கொண்டுவந்து வைத்த அல்லி இலையைத் தூக்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது சொன்னார். "பெரியவளை ஊரிலை விட்டிட்டு வந்திட்டம். சின்னப் பிள்ளை. துறைமுகத்திலை என்ரை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள், நான் கையைப் பிரிச்சு எடுத்திட்டு ஏறினன். அடுத்த கப்பலிலை கூப்பிட வேணும். இந்தக் குளத்தை அவள் காணேல்லை. அவளுக்குக் காட்டத்தானே வெட்டினது."

பாலேஸ், நான் அவருடைய கோட்டைப் பிடித்தது எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு ஞாபகம் இருக்கிறது. முற்றத்தில் நிற்கிறவளின் பெயர் தெரியாது, அது தெரிகிறது.

நான்தான் ஐயா அது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்னை அடையாளம் காணாமல் பார்ப்பார். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. "ஓம் ஐயா, கூப்பிடுவம்" என்று மட்டும் சொன்னேன். குடையை அவருக்குப் பிடித்ததால் நான் நன்றாக நனைந்தேன். இரண்டு நாள் காய்ச்சல். அழுததா மழையா என்று யாரும் கேட்கவில்லை, அதுவும் நல்லது.

அம்மா அழுதா என்று நீ சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. தையில் வா. பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

தைப்பிங்,
1941 மார்கழி 1

என்ரை அக்காவுக்கு,

தபால் மூட்டை கட்ட முன்னர் போட வேண்டும் என்பதால் சுருக்கமாக. பினாங்கிலிருந்து தை முதற்கிழமைக் கப்பலில் எனக்கும் மீனாம்பிகைக்கும் இடம் கிடைத்துவிட்டது.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நேற்றுப் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. குளத்தை அரைவாசி தூர்த்துவிட்டார்கள். கேட்டதும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், ஆனாலும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்க விட்டார்கள். அம்மாவின் ஊதா அல்லியில் ஒரு கிழங்கு எடுத்தேன். ஈரச் சாக்கில் சுற்றிச் சட்டிக்குள் வைத்திருக்கிறேன். கேணி அல்லியைப் பிடுங்கிப்போடாதீர்கள், அம்மாவின் அல்லிக்கு ஒரு மூலை போதும்.

நான் வந்து இறங்கியதும் ஐயா யாரை யார் என்று நினைப்பாரோ தெரியாது. என்னைக் கமலாவதி என்று கூப்பிட்டாலும் ஓம் என்று சொல்கிறேன்.

பாலேஸ்

*

தைப்பிங்,
1945 ஐப்பசி 9

அக்கா,

இது உங்கள் கையில் கிடைக்குமா, நீங்கள் அந்த விலாசத்தில் இருக்கிறீர்களா, ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேன். நானும் மீனாம்பிகையும் உயிரோடு இருக்கிறோம். இவர் இல்லை. சீயாமில் ரயில் பாதை போட என்று யப்பான்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடப் போன ஒருவர் திரும்பி வந்து சொன்னார். இதற்கு மேல் எழுதக் கேட்காதீர்கள்.

ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

அம்மாவின் கிழங்கை ஓட்டை விழுந்த தொட்டி ஒன்றில் நட்டு இரண்டு வருஷம் காப்பாற்றினேன். நன்றாகப் பெருகியது. பிறகு அரிசி இல்லை, மரவள்ளியும் இல்லாத ஒரு நாள் வந்தது. பிள்ளை காய்ச்சலில் கிடந்தாள். தொட்டியைக் கவிழ்த்து எல்லாக் கிழங்கையும் அவித்துக் கொடுத்தேன். நானும் தின்றேன். உங்களுக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதியது, அதனால் சொல்கிறேன்.

கப்பல் ஓடத் தொடங்கினால் ஊருக்கு வருகிறோம். கையில் ஒன்றும் இல்லை.

பாலேஸ்வரி

*

இணுவில்,
1945 கார்த்திகை 2

என்ரை தங்கச்சி,

உன் கடிதத்தோடு தபால்காரர் படலையில் நின்றே கத்தினார். "மலாயாக் கடிதம்" என்று. முத்துக்குமாரு அண்ணை வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். வாசித்தபிறகு அவர்தான் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். உன் புருஷன் பொன்னம்பலத்தாரைப் பற்றி மேலே எழுதக் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. வந்து நீயாகச் சொல்கிற நாளில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ கப்பலில் இடம் கிடைத்தது என்று எழுதியதும் மலாயாவில் யப்பான்காரன் இறங்கிய செய்தியும் அடுத்தடுத்து வந்தன. கட்டிய பெட்டியை அவிழ்த்தேன்.

ஐயா நாற்பத்து மூன்று மாசியில் போனார். நோய் என்று ஒன்றும் இல்லை, சாப்பாடு குறைந்தது, கதை குறைந்தது. யுத்தம் பற்றி அவருக்குத் தெரியாது. நீ வருகிற கப்பல் பிந்துகிறது என்றுகூட நான் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு நீ இங்கேதானே இருந்தாய்! கடைசிக் கிழமையில் கட்டிலைக் குசினிப் பக்கத்து விறாந்தைக்கு மாற்றினேன், குளம் தெரியட்டும் என்று. ஒரு பின்னேரம் கண்ணைத் திறந்து, "பெரியவள் வந்திட்டாளோ?" என்று கேட்டார். இந்த முறை பயப்படவில்லை. "ஓம் ஐயா, வந்திட்டன்" என்றேன். என் கையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

அதற்குப் பிறகு நாவலப்பிட்டிக்குப் போனேன். உன் அத்தான் நான் சமைத்ததை வாயாரச் சாப்பிட்டார். அங்கேயும் பின்னேரமானால் மழை. நல்லாகத்தான் இருந்தது. ஆனால் வீடு பூட்டிக் கிடந்தால் நீ எழுதுகிற கடிதம் யாருக்கு வரும்? உனக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். திரும்பி வந்துவிட்டேன். அவர் ரயிலில் ஏற்றிவிட்டுக் கை காட்டினார். அந்த மனிதருக்கு நான் இன்னும் எவ்வளவு காலம் லீவில்தான் பெண்சாதியாக இருப்பது? நீ வந்து மூச்சு வாங்கியபிறகு போவேன். இந்த முறை பெட்டியை அவிழ்க்கமாட்டேன்.

கிழங்கை அவித்ததை ஏதோ குற்றம்போல எழுதியிருக்கிறாய். பைத்தியம். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவவே பிடுங்கித் தோலுரித்துத் தந்திருப்பா. பேரப்பிள்ளை எழும்பிவிட்டாள்தானே? அது போதும். குளத்தில் அந்த மூலை வெறுமையாகத்தான் கிடக்கிறது. மீனாம்பிகை ஏதாவது நடட்டும்.

குளம் இருக்கிறது. ஐயா போனபிறகும் களி வெடிக்க விடவில்லை. குசினிச் சுவர் நீ சொன்னதுபோல ஊறித்தான் இருக்கிறது, வந்து என்னைப் பேசு. ஆசைதீரப் பேசு. இத்தனை காலம் இல்லாத ஒருத்தியோடு சண்டை பிடிக்க முடியாமல் இருந்தாய், இனி நான் கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருப்பேன்.

கையில் ஒன்றும் இல்லை என்று எழுதாதே. இது உன் வளவு. கப்பல் எப்போது வருகிறது என்று மட்டும் எழுது. தலைமன்னாருக்கு உன் அத்தானும் நானும் வருவோம்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். பங்குனி வெயில் பிடித்தபிறகு ஒரு நாள் மத்தியானம் நீ வாளியை எடுத்துக் குளத்துக்கு ஊற்று. ஓட்டிலும் இரண்டு வாளி எறி. நான் உள்ளே நன்றாகப் படுத்து நித்திரை கொள்வேன். எழும்பி வந்து, மழை பெய்ஞ்சதோ என்று உன்னைக் கேட்பேன். ஓம் என்று சொல்லு.

அக்கா